பெடல் அசிஸ்ட்: மிதித்துணையா, மிதியுதவியா, உழக்குதுணையா?

திருவான்மியூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். மின்சார சைக்கிள் ஒன்றின் பயன்பாட்டுக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு 'மின்மிதிவண்டி' என்று எழுதிவிட்டேன். விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் பயனாக அந்தச் சொல் பள்ளிப்பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்துவிட்டதால் அதில் எனக்குத் தயக்கமில்லை. தடுமாற்றமெல்லாம் 'பெடல் அசிஸ்ட்' என்பதில்தான். ஆக்சிலேட்டரை முறுக்கினால் காலுக்கு வேலையில்லாமல் வண்டி ஓடும். அது ஒரு முறை. மற்றதில் நாம் மிதித்தால்தான் மோட்டார் சுழலும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இந்த இரண்டாவது முறைக்குத்தான் பெயர் வேண்டும்.

ஓராண்டாக இத்தகைய வண்டியில்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். மாலையில் தரமணியிலிருந்து கிழக்கே வீடு திரும்பும்போது கடற்காற்று நெஞ்சில் அடிக்கும். பழைய சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து, சட்டை நனைந்துதான் வீடு சேர்வேன். இப்போது அரைச்சுற்று மிதித்ததும், குரங்கு பெடல் பழகிய நாளில் அப்பா கேரியரைப் பிடித்துத் தள்ளியதுபோல வண்டி முன்னேறுகிறது. ஆனாலும் ஓட்டுவது நான்தான் என்ற உணர்வு காலில் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த உணர்வுக்காகத்தான் பலரும் ஸ்கூட்டரை விட்டு இதற்கு வருகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே சொல்லில் கால் இருந்தாக வேண்டும். 'மிதித்துணை' என்று எழுதலாமா?

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பரே, 'துணை' நல்ல தேர்வு. உதவி வந்து போவது, துணை உடன் வருவது. நீங்கள் கூறும் மோட்டாரோ காலோடு எழுந்து காலோடு அடங்குகிறது. ஒற்று மிகுவதைப் பற்றி மட்டும் சற்று விளக்க விரும்புகிறேன். குறுந்தொகை 172ஆம் பாடலில் 'உலைவாங்கு மிதிதோல்' என்று வருகிறது. ஏழு ஊர்களின் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலைக்களத்தில், ஓய்வின்றிக் காலால் மிதிக்கப்படும் துருத்தி அது. மிதிவண்டியைப் போலவே மிதிதோலும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதைப் பின்பற்றி 'மிதிதுணை' என்று எழுதினால் மிதிபடும் துணை என்றாகிவிடும். உங்கள் சொல்லிலோ மிதி என்பது பெயர். மிதிக்குத் துணை என விரியும் நான்காம் வேற்றுமைத் தொகை. எனவே 'மிதித்துணை' என்று ஒற்று மிகுவதே சரி. கால்விசையால் இயங்கும் கருவிக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேரில் சொல் இருந்திருக்க, 'பெடல்' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கோவையிலிருந்து மிதிவண்டிக் கடை நடத்துபவர்:

ஐயா, உங்கள் விளக்கத்தை இருமுறை படித்தேன். மிதிதோல் எனக்குப் புதிய செய்தி. ஆயினும் கையேட்டைக் கையில் வைத்திருப்பவர் குறுந்தொகை படித்திருக்க வேண்டியதில்லை. இன்று காலை கடைக்கு வந்த காய்கறி வியாபாரி ஒருவரிடம் 'மிதித்துணை' என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் 'மிதித்து உணை' என்று பிரித்துப் படித்துவிட்டு, உணை என்றால் என்னவென்று என்னையே கேட்டார். வண்டியின் திரையில் 1 முதல் 5 வரை நிலைகள் இருக்கின்றன. பழுதுபார்க்கிறவரும் வாங்குகிறவரும் அதைப் 'பாஸ்' (PAS, 'பெடல் அசிஸ்ட் சிஸ்டம்' என்பதன் சுருக்கம்) என்றே சொல்கிறார்கள். 1993இல் யமஹா இவ்வகை வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜப்பானிலேயே 'அசிஸ்ட்' என்பதைக் கடன்சொல்லாகத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில்தான் வேண்டுமென்றால் 'மிதியுதவி' என்று எழுதுங்கள், படித்தவுடன் புரியும்.

இன்னொரு வேண்டுகோள். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட இவ்வண்டியை இந்திய விதிகள் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. உரிமமும் பதிவெண்ணும் தேவையில்லை. முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களும், லைசென்ஸ் எடுக்காத பெண்களும் முதலில் கேட்பது இதைத்தான். பெயரில் 'மோட்டார்', 'விசையுந்து' போன்றவை வந்தால் அவர்கள் தயங்கிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை:

வணக்கம். எங்கள் பாடநூல்களில் துவிச்சக்கரவண்டி என்று இருந்தாலும் வாயில் வருவது சைக்கிள்தான். ஆனால் பெடலை மிதிப்பதற்கு எங்களிடம் நல்ல தமிழ்ச்சொல் புழக்கத்தில் இருக்கிறது: நாங்கள் சைக்கிள் உழக்குகிறோம். போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகும் நோயாளியும் உழக்கித்தான் கொண்டுபோகப்பட்டார்கள். 2022இன் எரிபொருள் நெருக்கடியிலும் பலர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். மிதித்தல் ஒரு தடவை கால்வைப்பதையும் குறிக்கும். உழக்குதல் விடாது செய்வது. இந்த மோட்டாருக்கு வேண்டியதும் விடாத சுழற்சிதான். 'உழக்குதுணை' என்று வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, உழக்கு பழைய சொல்தான். மிதித்துக் கலக்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் இங்கே உழக்கு என்றால் அரிசியோ பாலோ அளப்பது, கால்படி. காவிரிக்கரையில் 'உழக்குதுணை'யைப் படிப்பவர் அடுக்களையில்தான் பொருள் தேடுவார். மேலும் அதையும் வினைத்தொகையாகக் கொண்டால், முன்பு சொன்ன இடர் அங்கேயும் வரும்.

திருவான்மியூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரர் சொன்ன 'மிதியுதவி' படித்தவுடன் புரிகிறது. ஆசிரியர் ஐயாவின் 'உடன் வருவது' என்ற விளக்கத்துக்குப் பின் 'துணை'யை விட எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் மின்கலம் தீர்ந்து நடுவழியில் நிற்பவர் கையேட்டைப் புரட்டும்போது ஒரு சொல்லைப் பிரித்துப் படிக்கத் திணறக் கூடாது. கையேட்டில் 'மிதியுதவி' என்றே போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும், கடைக்காரர்கள் இதைப் பாஸ் என்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்று இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'மிதியுதவி' புரிகிறது என்றார்கள். மிதிக்கிறபோது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "உழக்கிறம் ரீச்சர்" என்றார்கள். நான் 'உழக்குதுணை' என்றே எழுதுவேன்.