தம்பி குடும்பம் டிசம்பரில் சிங்கப்பூர் வருகிறது: பிள்ளைகளுடன் தங்க அழகான சின்ன ஹோட்டல் எது?

ஈசூன்வாசி:

வணக்கம் மக்களே. டிசம்பர் கடைசியில், அங்கே அரையாண்டுத் தேர்வு விடுமுறை விட்டதும், என் தம்பி குடும்பத்தோடு திருச்சியிலிருந்து வருகிறான். அவன், அவன் மனைவி, பத்து வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு வால். எங்கள் மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஏற்கெனவே நாங்கள் நாலு பேர், கூட மாமியார். கூடத்தில் மெத்தை போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம், நாங்க ஹோட்டல் பாத்துக்கிறோம்" என்று தம்பி மனைவி அழகாகக் கழன்றுகொண்டாள். சரி, அதுவும் நல்லதுதான்.

சிக்கல் என்னவென்றால் அவளுக்குப் பெரிய ஹோட்டல் பிடிக்காது. இருபது மாடி, நீளமான நடைவழி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி, அதெல்லாம் சென்னையிலேயே இருக்கிறதாம். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து நடத்துகிறார்களே சின்னச் சின்ன ஹோட்டல்கள், வண்ணச் சன்னல், பூப்போட்ட தரை ஓடு, அந்த மாதிரி வேண்டுமாம். தினமும் வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுகிறது. எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு படத்திலும் பிள்ளை இல்லை, பெட்டி இல்லை, நாற்காலி மேல் காயப்போட்ட துண்டு இல்லை.

நாலு இரவு. ஓர் இரவுக்கு 250 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாமல் இருந்தால் நல்லது. நீச்சல் குளம் இருந்தால் பையன் வேறெதுவும் கேட்க மாட்டான். இந்த ஊரிலேயே குடியிருக்கிற எனக்கு இங்குள்ள ஹோட்டல்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, நமக்கு எதற்கு ஹோட்டல்? தங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முகப்புமேசை:

ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன், அதனால் பெயர் சொல்லிப் புகழவும் மாட்டேன், திட்டவும் மாட்டேன். அக்கா, லாபியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த மாதிரி ஹோட்டலில் அலங்காரக் காசு முக்கால்வாசி கீழ்த்தளத்தில் கொட்டியிருக்கும், நீங்கள் தூங்கப்போவது மேலே.

கடைவீடு என்றால் முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் எல்லாம் 1989லிருந்து பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள், முகப்பை இடித்து இஷ்டத்துக்குச் சன்னல் வைக்க முடியாது. அப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் முப்பது நாற்பது அறை போட்டால் தெருவைப் பார்த்த அறை கொஞ்சம்தான் கிடைக்கும். மீதி முற்றத்தையோ பின்பக்கச் சிறு தெருவையோ பார்க்கும், சிலவற்றில் சன்னலே கிடையாது. படம் பிடித்துப் போடுவது தெருப்பக்க அறையை, மலிவு விலைக்குக் கிடைப்பது மற்றது. சன்னல் இல்லை என்பதை அறைப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். இரவு வந்து தூங்கிவிட்டுப் போகிற ஜோடிக்கு அது போதும். நாலு வயதுப் பிள்ளை காலை ஆறு மணிக்கு எழுந்து இன்னும் ராத்திரியா, இன்னும் ராத்திரியா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் அளவு. 15 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால் குளியலறையும் அதில் சேர்த்தி. பெரிய கட்டில் போட்டபிறகு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்கலாம். ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் அடைத்து வரும் பெரிய பெட்டிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கத் தரை இருக்காது, ஒன்றைக் கட்டில்மேல் ஏற்றித்தான் திறக்க வேண்டும். கூடுதல் கட்டில் கேட்டு நாங்கள் இல்லை என்றால் அது பிடிவாதம் இல்லை, போட இடமில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பிள்ளைகளின் வயதை மறைக்காமல் போட்டுத் தேடுங்கள். இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டு நாலு பேராக வந்து நிற்கும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன், அவர்களுக்கும் சங்கடம் எனக்கும் சங்கடம்.

விலையில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 220++ என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்தத் தொகைக்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, கடைசியில் ஏறக்குறைய 264 வெள்ளி. உங்கள் 250 அங்கேயே தாண்டிவிட்டது. டிசம்பர் 31 இரவும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடும், முடிந்தால் அதற்கு முன்பே அறையைக் காலி செய்யப் பாருங்கள்.

முன்பதிவுக்கு முன் ஒரு போன் போடுங்கள். மின்தூக்கி உண்டா, அருகருகே இரண்டு அறை தருவார்களா, குளம் எவ்வளவு ஆழம். பத்து நிமிட வேலை.

பொங்கோல் அம்மா:

மேலே சொன்னது அத்தனையும் உண்மை. பள்ளி விடுமுறையில் நாங்கள் சைனாடவுன் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம், பெயர் வேண்டாம். அறைக்குள்ளேயே ஒரு பரண், கட்டில் அதன்மேல், ஏறிப்போக ஏணி மாதிரி ஒரு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். படத்தில் கொள்ளை அழகு. என் சின்னவனுக்கோ அது விளையாட்டுத் திடல், இரவெல்லாம் படிக்குக் குறுக்கே பெட்டியை வைத்து நானும் அவரும் முறை போட்டுக் காவல் இருந்தோம். 'லாஃப்ட்' என்று அறைப் பெயரில் பார்த்தால் நாலு வயதுப் பையனோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று சத்தம். கிளப் ஸ்திரீட், ஆன் சியாங் ஹில், கியோங் சாயிக் சாலை எல்லாம் சாப்பாட்டுக்கு அருமையான இடம், ஆனால் வெள்ளி சனி இரவில் மதுக்கூடக் கூட்டம் தெருவில் நிற்கும், பழைய மரச் சன்னலுக்கு அதைத் தடுக்கத் தெம்பு கிடையாது. ஹாஜி லேன் பக்கமும் இதே கதைதான். வாரநாளில் தங்கினால் எவ்வளவோ பரவாயில்லை.

ஆனாலும் பெரிய ஹோட்டலுக்கே போங்கள் என்று சொல்ல மாட்டேன். என் பெரியவள் இன்றைக்கும் அந்தச் சின்ன ஹோட்டலைப் பற்றித்தான் பேசுகிறாள். மாடியில் நின்றபடி முற்றத்துக்குள் மழை கொட்டுவதைப் பார்த்தது, வரவேற்பில் இருந்த ஆன்ட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

உங்கள் தம்பி மனைவிக்குப் பழைய கட்டடம் பிடிக்கும் என்றால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அமோய் ஹோட்டல் வாசலை ஒருதடவை காட்டுங்கள். 1824ல் கட்டிய ஃபுக் தக் சீ கோயில் இப்போது அருங்காட்சியகம், அதற்குள் நுழைந்துதான் ஹோட்டலுக்குப் போக வேண்டும். நாலு பேர் தங்க ஏற்றதில்லை, அறைகள் பெரும்பாலும் இருவருக்கானவை. பார்த்துவிட்டு அதே தெருவில் நாகூர் தர்காவையும் பார்த்து, லாவ் பா சாட் உணவங்காடி வரை நடந்து பிள்ளைகளுக்குச் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) வாங்கிக் கொடுங்கள்.

தேக்கா ரசிகன்:

சைனாடவுன் எதற்கு? லிட்டில் இந்தியாவிலேயே இருக்கிறதே. மெட்ராஸ் ஸ்திரீட்டில் தி கிரேட் மெட்ராஸ், ஆர்ட் டெக்கோ கட்டடம், ரோஜா நிறம் அடித்து வைத்திருக்கிறார்கள், சின்னதாகக் குளமும் உண்டு. டிக்சன் சாலையில் வாண்டர்லஸ்ட், 1920களில் பள்ளிக்கூடமாகக் கட்டியது. படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டுமே விருந்து. ரோச்சோர், ஜாலான் புசார், லிட்டில் இந்தியா மூன்று எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையமும் நடக்கிற தூரம்.

அழகை விடுங்கள், காலை எட்டு மணிக்கு நாலு வயதுப் பையன் எதைச் சாப்பிடுவான்? இறங்கி நடந்தால் இட்லி. கோமள விலாஸ் 1947லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கிறது. சின்ன ஹோட்டலில் காலைச் சாப்பாடு என்பது பல இடத்தில் ரொட்டியும் காப்பியும்தான், அதற்குத் தனிக் காசு வேறு. மதியம் தேக்கா சந்தையில் பிரியாணி.

ஒரே விஷயம், ஞாயிறு மாலை. வாரம் முழுக்க உழைத்த ஊழியர்கள் கூடுகிற நேரம், நடைபாதையில் தள்ளுவண்டி ஓட்ட முடியாது. அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மாலைதான், நாம்தான் கொஞ்சம் ஒதுங்கிப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு வேறெங்காவது போய்வரத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, என்றதும் தம்பி மனைவி "திருச்சியில கிளம்பி திருச்சிக்கேவா அண்ணி" என்று கேட்டுவிட்டாள். தம்பிக்கு மட்டும் இட்லி விஷயத்தில் முகம் மலர்ந்தது.

இதற்கிடையில் அவன் ஒரு செயலியில் கேலாங் பக்கம் கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வீடு ஒன்றைப் பிடித்திருக்கிறான், இரண்டு படுக்கையறை, ஓர் இரவு 170 வெள்ளி, சமையலறையும் உண்டு. இது சரிப்படுமா?

முகப்புமேசை:

வேண்டவே வேண்டாம். இங்கே தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கு, வீவக வீட்டை 6 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், நாலு இரவுக்கு விடுவது சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் 'யாராவது கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்' என்பார், கீழே காவலாளி மடக்கினால் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் நடுத்தெருவில் நிற்பது உங்கள் தம்பி. சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கும் பொதுவாகக் குறைந்தது 7 இரவு என்று விதி இருக்கிறது. ஹோட்டல் உரிமம் உள்ள இடத்தில் மட்டும் தேடச் சொல்லுங்கள்.

காத்தோங்காரி:

யாரும் எங்கள் காத்தோங் பக்கத்தைச் சொல்லவில்லையே! கிழக்குக் கரைச் சாலையில் ஹோட்டல் இண்டிகோ. பழைய ஜூ சியாட் காவல் நிலையக் கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் எழுப்பியது. உள்ளே பெரனாக்கான் (சீன, மலாய் கலப்பு மரபு) பாணி, மொட்டைமாடியில் நீச்சல் குளம். நூற்றுச் சொச்சம் அறைகள், அதனால் ரொம்பச் சின்னது என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாகக் கட்டியது என்பதால் மின்தூக்கி, ஒழுங்கான சன்னல் எல்லாம் இருக்கிறது, மேலே பயமுறுத்திய எதுவும் இங்கே பொருந்தாது. கடைவீட்டு அழகு வேண்டும் என்றால் அதற்குள்தான் தூங்க வேண்டுமா என்ன? கூன் செங் சாலைக்கு நடந்து போனால் வரிசையாக வண்ண வண்ண வீடுகள், ஆசை தீரப் படம் எடுத்துக்கொள்ளட்டும். சிலோன் சாலையில் செண்பக விநாயகர் கோயில், அதுவும் நடைதூரம். கிழக்குக் கரைப் பூங்காவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பொழுது போய்விடும். 2024லிருந்து மரீன் பரேட்டில் எம்ஆர்டி நிலையமும் வந்துவிட்டது, முன்பெல்லாம் இங்கே தங்கச் சொன்னால் பஸ்ஸைத் தவிர வழியில்லை.

விலை உங்கள் 250ஐத் தாண்டும், டிசம்பரில் நிச்சயம் தாண்டும். அதே வளாகத்தில் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அழகும் கம்மி விலையும் கம்மி.

நான் ஒன்று சொல்லலாமா? நாலு பேரையும் ஏன் ஓர் அறையில் திணிக்கிறீர்கள்? பெண்ணுக்குப் பத்து வயது, அத்தை வீட்டில் உங்கள் பிள்ளைகளோடு கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னால் துள்ளிக் குதிக்கும். தம்பி, மனைவி, பையன் மூவருக்கும் ஓர் அறை. இரண்டு அறை எடுப்பதைவிடச் செலவும் பாதி.

ஈசூன்வாசி:

இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். கேட்டதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போதே யார் எந்த மெத்தை என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி மனைவியும் யோசித்து, மூன்று இரவு காத்தோங், கடைசி ஓர் இரவு மட்டும் ஏதாவது கடைவீட்டு ஹோட்டலில், சன்னல் உள்ள தெருப்பக்க அறையாக, வாரநாளில் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். கடைசி இரவுக்குப் பையனும் எங்களோடு, அவர்கள் இருவரும் மட்டும் அங்கே. தம்பி வாயெல்லாம் பல்.

ஒன்றே ஒன்று, விமான நிலையத்திலிருந்து காத்தோங் போக கிராப் (செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் கார்) போடலாமா, டாக்சி வரிசையில் நிற்கலாமா? பையனுக்குத் தனி இருக்கை ஏதும் வேண்டுமா?

பொங்கோல் அம்மா:

டாக்சி வரிசையில் நில்லுங்கள். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை வேண்டும் என்பது சட்டம், டாக்சிக்கு மட்டும் விலக்கு, தனியார் வாடகைக் காருக்கு விலக்கு கிடையாது. சாதாரண கிராப் கார் போட்டால் ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்ததும் ஏற்ற மறுப்பார், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. சாங்கி விமான நிலையத்திலிருந்து காத்தோங் கிட்டத்தில்தான், டாக்சிக் கட்டணம் அதிகம் ஆகாது. பத்து வயதுப் பெண்ணின் உயரத்தையும் ஊரிலேயே ஒருதடவை அளந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.