ஏ.சி. அறையில் வைத்த ஆர்க்கிட் இலை கறுத்துப் போகிறது, காப்பாற்ற முடியுமா?

கீழக்கரை மாடிவீடு:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் இருக்கும் மகள் நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது ஒரு ஆர்க்கிட் கொண்டுவந்து தந்தாள். ஃபலனாப்சிஸ் என்று சீட்டில் இருந்தது. வெள்ளைப் பூ ஏழு, மொட்டு மூன்று. வெளியே அடிக்கிற வெயிலில் வாடிவிடுமே என்று படுக்கையறை ஜன்னல் மேடையில் வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் பூ அப்படியே நின்றது, வருகிறவர்கள் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது மூன்று வாரமாகச் சரியில்லை. மொட்டு மூன்றும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. மேல் இலை இரண்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுந்து, முதலில் தண்ணீர் ஊறினது போல் தெரிந்தது, இப்போது கறுப்பு. அடி இலைகள் தொய்ந்து கிடக்கின்றன. நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன். மகள் அடுத்த மாதம் வருகிறாள், அதற்குள் ஏதாவது வழி சொல்லுங்கள்.

பெரியபட்டினம் தோப்பு:
லாத்தா, இது உப்புக்காற்று. கடலோரத்தில் இந்தப் பூவெல்லாம் நிற்காது. வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பாருங்கள்.

கீழக்கரை மாடிவீடு:
தம்பி, வீட்டுக்குள்தானே இருக்கிறது!

மதுரை மொட்டைமாடி:
பூஞ்சை நோய். கறுத்த இலையை அடியோடு வெட்டிவிட்டுப் பூஞ்சாணக்கொல்லி அடியுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கொஞ்சம் உரமும் கொடுத்தால் தேறிவிடும்.

பாம்பன் பூந்தொட்டி:
அக்கா, கத்திரியைக் கீழே வையுங்கள். இந்தச் செடிக்கு மொத்தமே ஐந்தாறு இலைதான். மற்ற சில ஆர்க்கிட் மாதிரி அடியில் கிழங்கு போலத் தடித்த தண்டும் கிடையாது. தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைப்பது இலையிலும் வேரிலும்தான். வெட்டுகிற ஒவ்வொரு இலையும் கையிருப்பில் குறைகிறது.

சில விஷயம் சொல்லுங்கள். கறுப்பு நாளுக்கு நாள் பரவுகிறதா? நாற்றம் வருகிறதா? குழி விழுந்தது எந்தப் பக்கத்து இலையில்? அந்த அறையில் ஏ.சி. உண்டா, எத்தனையில் ஓடுகிறது? அப்புறம், 'நல்ல தண்ணீர்' என்றால் எந்தத் தண்ணீர்?

பரவுகிறதா என்று தெரியாவிட்டால், கறுப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நாளை பாருங்கள்.

கீழக்கரை மாடிவீடு:
கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாகக் கோட்டைத் தாண்டவில்லை. நாற்றம் இல்லை, தொட்டால் காய்ந்த தோல் மாதிரி இருக்கிறது. குழியெல்லாம் சுவர்ப் பக்கம் பார்த்த இலைகளில். அந்தச் சுவரில்தான் ஏ.சி. இருக்கிறது. நான் மட்டும் இருந்தவரை 26-ல் வைத்துக் கொஞ்ச நேரம் போடுவேன். மகன் துபாயிலிருந்து லீவில் வந்து ஒரு மாதம் ஆகிறது. அவனுக்கு 18 வேண்டும், ராத்திரி முழுக்க ஓடும். நானே போர்வைக்குள் சால்வையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன்.

தண்ணீர் விஷயம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிறது) வைத்தால் 2300 காட்டும், துணி துவைத்தால் நுரை வராது. காவிரித் தண்ணீர் எப்போதாவது வரும், அது குடிக்க. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் 30 காட்டியது. அடடா, மழைத்தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று காலையில் எழுந்ததும் அந்த வாளியிலிருந்து மொண்டு அப்படியே செடி தலையில் ஊற்றுவேன்.

பாம்பன் பூந்தொட்டி:
கிடைத்துவிட்டது அக்கா. இது குளிர் அடிபட்டது. சித்திரை வெயிலில் கீழக்கரையில் குளிர் அடிபட்டது என்றால் சிரிப்பார்கள், ஆனால் அதேதான்.

ஃபலனாப்சிஸ் வகைகள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்து வெக்கைக் காடுகளில் மரக்கிளையைப் பிடித்து வளர்கிறவை. இரவில் 16 முதல் 18 டிகிரி வரை தாங்கும். 10, 12 என்று இறங்கினால் செல்லைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வு விறைத்து ஒழுக ஆரம்பிக்கும், உள்ளே இருக்கிறது வெளியே கசியும், அந்த இடம் அமுங்கிக் குழியாகும், பிறகு கறுக்கும். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப் போகிறதே, அந்தக் கதைதான். அடிபட்ட அன்றே தெரியாது. நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் கழித்துத்தான் இலையில் எழும். அதனால்தான் உங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை.

நோய் இல்லை என்று எப்படிச் சொல்கிறேன்? அழுகல் என்றால் கோட்டைத் தாண்டி ஒரே நாளில் ஓடியிருக்கும், தொட்டால் கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்திருக்கும். உங்களுக்குக் காய்ந்த குழி, அதுவும் ஏ.சி. பார்த்த பக்கம் மட்டும். அந்தச் சில்லென்ற தண்ணீரைத் தலையில் ஊற்றியது இன்னொரு அடி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் இந்த இலையில் வளையம் வளையமாகத் தழும்பு விழும். குருத்தில் தேங்கினால் குருத்தே அழுகும்.

மதுரை மொட்டைமாடி:
அறையில் 18 என்றால் நீங்களே சொன்ன கணக்குப்படி தாங்க வேண்டுமே? 10 எங்கிருந்து வந்தது?

ராம்நாடு ஏ.சி. வேலை:
இதற்கு நான் சொல்கிறேன். ரிமோட்டில் காட்டுகிற 18, அறைக்கு வைத்த இலக்கு. நம் ஊர் வெக்கையில் பல அறைகள் 22-ஐத் தாண்டி இறங்குவதே இல்லை. ஆனால் ஏ.சி. வாயிலிருந்து வெளியே வருகிற காற்று அறையைவிடச் சுமார் 10 டிகிரி குறைவாக இருக்கும். அறை 22 என்றால் வாயில் 12. இலக்கை எட்டாததால் கம்பிரசர் நிற்காது, விடிய விடிய அந்தக் காற்று ஒரே திசையில் அடிக்கும். நேர் எதிரே பக்கத்தில் எது இருந்தாலும் அதற்குக் கிட்டத்தட்ட அந்தக் குளிர்தான். நான் போகிற வீடுகளில் சுவர்க் கடிகாரமே அந்த இடத்தில் வியர்த்துப் பார்த்திருக்கிறேன்.

சொட்டுத் தண்ணீரைப் பற்றி ஒன்று. உப்பு இருக்காது என்பது சரி, ஆனால் ஏ.சி.க்குள் குளிர்கிற குழாய்ச் சுருளில் (காயில்) படிகிற தூசி, பாசியெல்லாம் கழுவிக்கொண்டு வரும். சர்வீஸ் செய்து மருந்து அடித்த வாரம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு எடுக்காதீர்கள்.

கீழக்கரை மாடிவீடு:
சுபுஹானல்லாஹ், வாளித் தண்ணீர் கை வைத்தால் ஃபிரிட்ஜ் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நான் செடிக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேனே. இப்போது என்ன செய்வது, மொட்டைமாடியில் வைத்து வெயில் காட்டட்டுமா?

பாம்பன் பூந்தொட்டி:
ஐயோ, வேண்டாம். குளிர் அடிபட்ட இலையில் நேர் வெயில் பட்டால் மிச்சமும் வெந்துவிடும். ஏ.சி. இல்லாத அறை, அல்லது பின்கட்டு முற்றத்தில் நிழல். பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். கடல் பார்த்த பக்கம் தவிர்த்துவிடுங்கள்.

வேரைப் பார்க்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் தொட்டி, வெளியே அலங்காரப் பீங்கான் என்று இரண்டு இருக்கிறதா? உள்தொட்டியை வெளியே எடுத்து என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

தொண்டி:
இடையில் ஒரு சந்தேகம். ஆர்க்கிட்டுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைக்கச் சொல்கிறார்களே, அதுவும் தப்பா?

பாம்பன் பூந்தொட்டி:
அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். மரப்பட்டையில் நட்ட செடிக்கு மேலாக ஐஸ் வைத்தாலும் கேடில்லை என்று வந்தது. அது பட்டை மேல் வைத்தது. தண்ணீரை அளந்து கொடுக்க ஒரு வழி, அவ்வளவுதான். நம் ஊரில் சொம்பு இருக்கும்போது ஐஸ் எதற்கு?

கீழக்கரை மாடிவீடு:
எடுத்துப் பார்த்தேன். பீங்கானில் ஓட்டையே இல்லை, அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது, குளத்து நாற்றம். உள்தொட்டி முழுக்கப் பாசி மாதிரி ஒன்று, மேலே காய்ந்தும் நடுவில் சொதசொதவென்றும். வேர் பதினைந்து இருக்கும். ஆறேழு வெள்ளை கலந்த பச்சையில் கெட்டியாக இருக்கிறது. மற்றது பழுப்பு. இரண்டு விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி மட்டும் நிற்கிறது. குருத்து பச்சையாகத்தான் தெரிகிறது.

பாம்பன் பூந்தொட்டி:
குருத்து பச்சை, ஆறேழு வேர் கெட்டி. இதைவிட மோசமானது தேறிப் பார்த்திருக்கிறேன்.

பிளேடை அடுப்பில் காட்டி ஆறவிட்டு, உருவி வருகிற வேரை மட்டும் வெட்டுங்கள். வெட்டு வாயில் பட்டைத்தூள் தொட்டு வையுங்கள், நம் பிரியாணிப் பட்டைதான். நல்ல வேரில் பட வேண்டாம், அது வேரை உலர்த்திவிடும். பூந்தண்டில் மிச்சப் பூ இருந்தால் குவளையில் வைத்துக்கொண்டு தண்டை அடியில் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள், அது செடியின் பலத்தை உறிஞ்சும். இலையைத் தொடாதீர்கள். பாதி கறுத்த இலைக்கும் மிச்சப் பாதியில் பச்சை இருக்கிறது, அது சமைத்துப் போடும்.

பாசியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும், கட்டைவிரல் நுனி அளவு. தேங்காய் மட்டைத் துண்டு போடுவதென்றால் முதலில் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். கடலோரத் தோப்பு மட்டையில் உப்பு நிறைய. வெட்டிய வேர் ஆற இரண்டு நாள் தண்ணீர் விட வேண்டாம்.

பிறகு ஏ.சி. தண்ணீரையே பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு ராத்திரி சமையலறையில் மூடி வைத்து, கை வைத்தால் சில்லென்று தெரியாத பிறகு. காலையில் உள்தொட்டியைப் பத்து நிமிடம் முக்கி, வடியவிட்டு வையுங்கள். வேர் வெள்ளி நிறமானால் அடுத்த தண்ணீர், பச்சையாக இருந்தால் காத்திருங்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். உரம் புது வேர் நுனி வரும்வரை வேண்டாம். சாப்பிட முடியாத நோயாளிக்கு விருந்து வைப்பது மாதிரி, மதுரை அண்ணன் கோபிக்காதீர்கள்.

மதுரை மொட்டைமாடி:
கோபம் இல்லை. என் வீட்டில் ஒன்று செத்த காரணம் இப்போதுதான் புரிகிறது.

கீழக்கரை மாடிவீடு:
ஏழு வாரம் ஆயிற்று. சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அடி இலை ஒன்று முழுக்க மஞ்சளாகித் தானே கழன்றது. கறுப்புக் குழி இருந்த இடத்திலேயே நிற்கிறது, பெரிதாகவில்லை. போன வெள்ளிக்கிழமை கரிக்கு நடுவே பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது, அரிசி நீளம் இருக்கும். குருத்திலிருந்து புது இலையும் வருகிறது. ஆனால் அதன் நடுவில் ஒரு சுருக்கமும் வெளிறிய கோடும். மறுபடி அடிபட்டதா? செடி முற்றத்தில்தான் இருக்கிறது. மகனும் லீவு முடிந்து போய்விட்டான். மகளிடம் இன்னும் முழுக்கதை சொல்லவில்லை, குளித்துப் புதுச்சட்டை போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பாம்பன் பூந்தொட்டி:
புது அடி இல்லை அக்கா. அந்த ராத்திரிகளில் இந்த இலை குருத்துக்குள் பிஞ்சாக இருந்தது, பிஞ்சுக்குத்தான் குளிர் அதிகம் ஏறும். வளர வளர அன்றைய தழும்பு வெளியே தெரிகிறது. அந்தக் கோடு போகாது, அடுத்த இலை சுத்தமாக வரும். வேர் நுனி ஒரு அங்குலம் ஆனதும் உரம் ஆரம்பிக்கலாம், டப்பாவில் போட்ட அளவில் கால் பங்கு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. பூவுக்கு அவசரப்படாதீர்கள். இரவு வெக்கை குறைந்து சில வாரம் இதமாக இருந்தால்தான் தண்டு விடும், நமக்கு அது மார்கழி, தை. அப்போது உங்கள் ஏ.சி.யை 25-ல் வைத்து, காற்று நேரே படாத மூலையில் செடியை வைத்துக்கொள்ளலாம்.

ராம்நாடு ஏ.சி. வேலை:
ரிமோட்டில் ஸ்விங் பொத்தான் ஒன்று இருக்கும் லாத்தா. மகன் அடுத்த லீவுக்கு வரும்போது அதை வைத்து ஏ.சி. வாயில் இருக்கிற மடலை மேலே தூக்கி வையுங்கள், காற்று கூரையைப் பார்த்துப் போகும்.