கலைச்சொல் உதவி: ‘பாத் டிபென்டன்ஸ்’ (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். கல்லூரிப் பொருளியல் நூலில் ஓர் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நாட்டில் முன்பு நடந்த ஏற்பாடு, அதன் காரணம் மறைந்த பிறகும் இன்றைய பொருளாதாரத்தை விடாமல் பிடித்திருப்பதையே ‘பாத் டிபென்டன்ஸ்’ என்கிறார்கள். நூலில் உள்ள எடுத்துக்காட்டு பெருவின் ‘மீத்தா’. 1573இல் தொடங்கி, ஸ்பானிய ஆட்சி அங்கே குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் உவான்காவெலிக்கா பாதரசச் சுரங்கத்துக்கும் கட்டாய வேலைக்கு இழுத்தது. 1812இல் அது ஒழிந்தது. ஆனால் மீத்தா நடந்த எல்லைக்குள் இருந்த மாவட்டங்களில் குடும்ப நுகர்வு, எல்லையை ஒட்டி வெளியே உள்ளவற்றைவிட இன்றும் கால் பங்கு குறைவு, சாலைகளும் குறைவு. ‘பாதைச் சார்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

* * *

அம்மா, தடம் இருக்கப் பாதை எதற்கு? ‘தடச்சார்பு’ என்க. மகர ஈறு கெட்டு வலி மிகும், புணர்ச்சியில் சிக்கல் இல்லை. இன்னொன்றும் பாருங்கள்: தொல்காப்பிய உரியியலில் ‘தட’ பெருமையைக் குறிக்கும், அடுத்தே ‘தடவென் கிளவி கோட்டமும் செய்யும்’ என்கிறார். கோட்டம் என்றால் வளைவு. பழைய ஆட்சி ஒரு பொருளாதாரத்தை வளைத்துவிட்டுப் போவதும் கோட்டந்தானே! இந்த வேரைத் தொடர்ந்தால் இன்னும் எழுதலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

* * *

ஐயா, உரிச்சொல் ‘தட’ வேறு, பெயர்ச்சொல் ‘தடம்’ வேறு. அதை விடுங்கள். என் கவலை ‘சார்பு’. பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன், செய்தியில் ஒருதலைப் பக்கம். வகுப்பில் ‘தடச்சார்பு’ என்றால் மாணவர் கோட்டுப்படம் வரையத் தொடங்கிவிடுவார். ‘வரலாற்றுப் பிடி’ போதாதா? கேட்டவுடன் விளங்கும்.

* * *

‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்ற புறநானூற்று வரி (ஆற்றுநீர் போன வழியே போகும் தெப்பம்போல உயிர் ஊழின் வழியே போகும்) இருக்கையில் ஏன் தேடுகிறோம்? ‘வழிப்படல்’ என்று வைப்போம்.

* * *

அழகான சொல்தான், ஆனால் அந்தப் புணை தன் போக்கை மாற்றாது. அப்படி வைத்தால் பொருளியல் ஊழாகிவிடும். தென்கொரியா 1950இல் நிலச்சீர்திருத்தம் செய்து பழைய குத்தகை முறையை உடைத்தது. தடம் மாற்றலாம், செலவு பெரிது. அந்தச் செலவுதான் இந்தக் கருத்தின் உயிர். இந்தியாவில் ஜமீன்தார் நிலவரி தண்டி அரசுக்குக் கட்டிய ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்களைப் பாருங்கள்: முறையைச் சட்டம் ஒழித்தது, ஆனால் வேளாண் முதலீட்டிலும் விளைச்சலிலும் அவை, உழவரே அரசுக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரிப் பகுதிகளைவிட அதன் பிறகும் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தன. ‘வழிப்படல்’ என்பதை ‘வழிபாடு’ என்று யாரேனும் பிழையாக வாசிக்கும் தொல்லையும் உண்டு.

* * *

நன்றி அனைவருக்கும். எனக்கு ‘தடச்சார்பு’ பொருந்துவதாகப் படுவதால் அதையே இடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘கடந்தகால ஏற்பாட்டின் பிடி’ என்று விளக்கமும் சேர்க்கிறேன்.

* * *

விளக்கமே சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறதே, அப்புறம் எதற்கு அந்தச் சொல்? என் வகுப்பில் ‘வரலாற்றுப் பிடி’ என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.