கண் மூடிய ஸ்கோப்ஸ் ஆந்தை: எந்த இனம்?

படத்தில் இருப்பது இந்தியன் ஸ்கோப்ஸா, ஓரியண்டல் ஸ்கோப்ஸா (இரண்டும் சிறிய ஆந்தைகள்) என்று பிரிக்க முடியவில்லை. கண் நிறம் தெரிந்தால் வேலை முடிந்தது: பழுப்பு என்றால் முன்னது, மஞ்சள் என்றால் பின்னது. ஆனால் கிடைத்த 14 படங்களிலும் கண் மூடியே இருக்கிறது. பகலில் உடலை ஒடுக்கி, காதுத் தூவியை (காது போல நிற்கும் தலை இறகு) நிமிர்த்திப் பட்டைக் கிளையைப் போலவே உட்கார்ந்திருந்தது.

இடம் ஆனைமலை அடிவார இலையுதிர் காடு, பிப்ரவரி கடைசி வாரம், காலை 8 மணி. தரையிலிருந்து சுமார் 4 மீட்டர். உடல் சாம்பல் பழுப்பு, வயிற்றில் மெல்லிய கருங்கீற்றுகள். தோள் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக, பளிச்சென்று. இது ஓரியண்டலைத்தான் சொல்கிறது. பிடரியில் வெளிர் பட்டை இருந்தால் இந்தியன். அந்தப் பக்கம் போனால் பறந்துவிடும் என்று போகவில்லை.

மாலையில் அதே மரத்தருகே பதிவான குரலோ நேர்மாறாக இந்தியனைச் சொல்கிறது: தவளை போல ஒற்றை 'வக்', சில நொடி இடைவெளியில் திரும்பத் திரும்ப. ஓரியண்டலின் மூன்று அசைத் தாளம் இல்லவே இல்லை. கூப்பிட்டது வேறொரு பறவையாகவும் இருக்கலாம், ஆளைப் பார்க்கவில்லை.

படத்தின் வெளிச்சத்தை ஏற்றிக் கண் இடுக்கைப் பார்த்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. சாம்பல், செம்பழுப்பு என்று நிறம் மாறும் என்பதால் நிறத்தை நம்பவில்லை. குரலை வைத்துப் பறவையை அறியும் ஆப் இரண்டு முறை இரண்டு பெயர் சொன்னது. இனப்பெருக்கக் காலம், அதனால் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதாக இல்லை.

கண்ணும் பிடரியும் தெரியாத படத்தில், தோள் புள்ளி வரிசையை மட்டும் வைத்து ஓரியண்டல் என்று உறுதி செய்யலாமா?