இரண்டு தவணை உறக்கமும் சிபாப் கருவியும்: இரவுப் பணியில் இருப்பவனின் அனுபவம்

நான் ஒரு நாளிதழின் இரவு மேசையில் பணிபுரிகிறேன். கடைசிப் பதிப்பின் பக்கங்களை அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு வந்து படுக்கும்போது அதிகாலை 3 மணி ஆகிவிடும். காலை 7.30 மணிக்கு மகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுந்தாக வேண்டும். ஆகவே என் உறக்கம் இரண்டு தவணைகளில்தான் நடக்கிறது: அதிகாலையில் நாலரை மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம். ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை எனக்கு இருப்பது உறுதியானபோது, பணியை விடாமல் இந்த அட்டவணையோடு சிபாப் சிகிச்சையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. உறங்கும்போது முகத்தில் அணியும் மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் வைத்திருக்கும் கருவிதான் சிபாப். முடிகிறது. ஆனால் உறங்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்வது வேறு, குறைத்துக்கொள்வது வேறு என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதும் குறுகுவதும் மணிக்கு எத்தனை முறை நிகழ்கின்றன என்பதை வைத்துத்தான் நோயின் கடுமையைக் கணக்கிடுகிறார்கள். குறைந்தது 10 விநாடி நீடிப்பவை மட்டுமே கணக்கில் சேரும். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. என்னுடையது 30ஐத் தாண்டியிருந்தது. குறட்டை திடீரென்று நின்றுபோய், அடுத்த மூச்சு எப்போது வரும் என்று காத்திருந்து தோளை உலுக்கியவர் என் மனைவி. அவர் வற்புறுத்தியதால்தான் நுரையீரல் மருத்துவரிடமே போனேன்.

இரவுப் பணியில் இருப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ரெம் உறக்கத்தைப் பற்றி. கனவுகள் மிகுந்த அந்தக் கட்டத்தில் உடல் தசைகள் பெரிதும் செயலற்றுப் போவதால், பலருக்கு மூச்சுத்தடை அப்போதுதான் அடிக்கடியும் நீண்ட நேரமும் வருகிறது. நம் உடற்கடிகாரம் ரெம் உறக்கத்தை விடியற்காலையை ஒட்டிய நேரத்தில்தான் அதிகம் தருகிறது. இரவு 10 மணிக்குப் படுப்பவர் அந்தப் பகுதியை இரவின் கடைசியில் சந்திக்கிறார் என்றால், 3 மணிக்குப் படுக்கும் நான் ஏறக்குறைய நேராக அதற்குள்ளேயே நுழைகிறேன். கருவியின் வரைபடத்தில் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் காற்றழுத்தக் கோடு மேலேறி நிற்பதைக் காட்டி மருத்துவர் இதை விளக்கினார். அழுத்தத்தைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகைக் கருவி என்னுடையது என்பதால், தொண்டை எப்போது அதிகம் அடைபடப் பார்க்கிறது என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடுகிறது. விழிப்பு வரும்போது மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உறங்கலாம் என்று நினைப்பவர்கள், மிகவும் தேவையான நேரத்தில்தான் அதைக் கழற்றுகிறார்கள்.

சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் அறிவித்த இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதில்லை. காற்றழுத்தம் இருக்கும்வரை பாதையைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே மதிய உறக்கத்துக்கும் மாஸ்க் கட்டாயம். இதைச் சிறிய தூக்கம்தானே என்று விட்டுவிடுபவர்கள் என் வட்டத்திலேயே பலர் உண்டு. மூச்சுத்தடையால் இரண்டு மணி நேரம் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்கினால், அதனால் உயரும் இரத்த அழுத்தம் பகல், இரவு என்று பிரித்துப் பார்க்காது.

மதிய உறக்கத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. என் கருவி ஒரு நாளை நண்பகல் 12 மணியிலிருந்து மறுநாள் நண்பகல் வரை என்று கணக்கிடுகிறது. அதனால் திங்கட்கிழமை அதிகாலை உறக்கம் ஒரு நாளின் கணக்கிலும், அன்று மதிய உறக்கம் அடுத்த நாளின் கணக்கிலும் விழுகின்றன. அறிக்கையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது குழப்பத்தைத் தரும். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து, மருத்துவரிடம் போகும்போது அறிக்கையோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

பகலில் ஏ.சி. போட்டு உறங்கும்போது, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரின் ஈரக்காற்று குழாய்க்குள் குளிர்ந்து நீராகி, ஒவ்வொரு மூச்சுக்கும் களகளவென்று சத்தம் எழுப்பும். சில சமயம் மூக்கிலேயே தெறிக்கும். கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்தேன், குழாய்க்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போட்டேன், ஈரப்பத அளவையும் ஒரு படி குறைத்தேன். தொல்லை நின்றது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது.

என் இளைய சகாக்கள் சிலர் இருபது இருபது நிமிடத் துண்டுகளாக உறங்கி மொத்த நேரத்தை மிகவும் குறைத்துக்கொள்ளும் முறைகளைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கிறார்கள். அத்தகைய முறைகளை ஆராய்ந்த அமெரிக்க நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷனின் வல்லுநர் குழு, அவற்றால் நன்மை உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் பாதிப்புகளே தெரிகின்றன என்றும் 2021இல் அறிவித்தது. மூச்சுத்தடை உள்ளவரின் உறக்கம் ஏற்கெனவே துண்டு துண்டாகச் சிதறியது. அதை மேலும் வெட்டுவதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். அவர்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு: விடுமுறை நாளிலும் ஒரு நான்கு மணி நேர உறக்கத்தை அதே கடிகார நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாறும் அட்டவணைகளிலும் இது உடற்கடிகாரத்தை நிலைப்படுத்த உதவும் என்று மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அலுவலகத்திலிருந்து வண்டி ஓட்டி வரும்போது கண் செருகுவதில்லை. எனக்கு இதுவே பெரிய நிம்மதி. ஆனாலும் ஆறரை மணி நேரம் எனக்குப் போதவில்லை. மகளின் கோடை விடுமுறையில் அதிகாலை உறக்கத்தை 9 மணி வரை நீட்டி, மதியத் தவணையைச் சுருக்கிப் பார்க்க மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இதே நேரங்களில் உறங்கி, இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், அந்தக் கூடுதல் காலை நேரத்தில் உங்கள் அழுத்தக் கோடு எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புகிறேன்.