பழைய கட்டடம் புதுசாகும்போது யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? பார்த்ததைச் சொல்லுங்கள்

மலேசியா, செமினியிலிருந்து:

போன வாரம் ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். "ஒழுகுகிற கட்டடத்தை இடித்துப் புதுசாகக் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், எதற்கு ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. எங்கள் அம்மா இருக்கும் அடுக்குமாடியைப் பார்த்தால் யாரும் இதைத்தான் கேட்பார்கள். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக் கூரையில் சிமெண்டு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மேல் தொட்டிக்குத் தண்ணீர் எப்போது ஏறும் என்பது முருகனுக்கே வெளிச்சம். எனவே நான் எதிர்க்கட்சி இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா ரிஞ்சிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி, மரமெல்லாம் சாய்ந்து, ஒவ்வொரு தாமானாக, அதாவது குடியிருப்புப் பேட்டையாக, எழும்பத் தொடங்கியபோது தோட்டம் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது வாங்கியதுதான் இந்த வீடு. விலை 25,000 வெள்ளி (ரிங்கிட்). 1982-இல் இருந்து 1998 வரை மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த உச்ச விலை அது. அப்பாவின் சேமநிதிப் பணமும் அம்மாவின் வளையல்களும் அதில் போயின. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் ஒரு செங்கல்கூட நம்முடையது இல்லை என்பதைப் பார்த்தவர் என்பதால், வீட்டுப் பத்திரத்தை அம்மா சாமி அலமாரியில்தான் வைத்திருக்கிறார்.

2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் அடுக்குமாடியின் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேம்பாட்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார், நம் பையன்தான், பெரிய திரையில் படமெல்லாம் காட்டினார். இப்போதைய சட்டப்படி ஓர் அடுக்குமாடியை இடித்துக் கட்டுவதற்காக அதன் தனித்தனி வீட்டு உரிமைகளை முடித்துவைக்க உரிமையாளர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். மசோதாவோ 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு போதும், அதைத் தாண்டியதற்கு 75, கைவிடப்பட்டது அல்லது ஆபத்தானது என்றால் 51 என்றது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பி இரண்டாம் வாசிப்பு தள்ளிப்போனது தனிக்கதை. எங்கள் கட்டடம் முப்பதைத் தாண்டியது. ஆகவே மண்டபத்தில் எல்லாருடைய வாயிலும் 75, 75 என்றே ஓடியது.

எனக்கு உறைத்தது வேறு. முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர்களில் பாதிப் பேர் அங்கே குடியிருப்பவர்களே இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு சுபாங், பூச்சோங் என்று போய்விட்டவர்கள். அன்றைக்குக் காரில் வந்திருந்தார்கள். வாடகைக்கு இருக்கிறவர்கள் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்குப் போகும் நேப்பாளத் தம்பிகள், மூன்றாம் மாடியில் குழந்தை பார்த்துக்கொள்ளும் அக்கா, கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இடம் இல்லாமல் வந்த ஒரு பெண். அந்த 75-இல் இவர்கள் எங்கேயும் இல்லை.

கேள்வி நேரத்தில் அம்மா எழுந்தார்.

"தம்பி, புது வீட்டுக்கு மாசா மாசம் எவ்வளவு கட்டணும்?"

"ஆன்ட்டி, அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம். முதல்ல வீடு வரட்டும்."

"வீடு வந்த பிறகு நான் யாரைத் தேடிப் போறது?"

சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இப்போது பராமரிப்புக்கு 50 வெள்ளி கட்டுகிறார், அதையே பலர் கட்டுவதில்லை. 30 மாடி, லிஃப்ட், காவலாளி, நீச்சல்குளம் என்று வந்தால் எல்லாம் மாதக் கட்டணத்தில் வந்து விழும். அதற்கு மேல் பெரிய பழுதுகளுக்கென்று அந்தக் கட்டணத்தில் 10 விழுக்காடு சேமிப்பு நிதி வேறு, சட்டமே அப்படித்தான். வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தாலும், பென்ஷன் இல்லாத ஒரு கிழவி அதில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பார்? அதை அந்தப் படத்தில் காட்டவில்லை.

அம்மாவின் சந்தேகத்துக்கு ஊர்க் காரணமும் உண்டு. அரசாங்க அலுவலகங்களுக்கான புத்ராஜெயா நகரம் எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தின் மேல். அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் எடுத்த குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் வைத்தார்கள். சுவரெல்லாம் விரிசல் விட்டது. எங்கள் தூரத்து உறவு ஒருவர் அங்கே இருந்தார், அம்மா நேரில் போய்ப் பார்த்தவர்.

சரி, இது சொந்த வீட்டுக்காரர் கதை. என் தாய்மாமா கதை அதற்கும் கீழே ஒரு படி. பெரிய சாலை ஓரத்தில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில் பூக்கடை வைத்திருந்தார். வாடகைக் கடை. ரசீதுப் புத்தகம் மட்டும்தான், ஒப்பந்தம் கிடையாது. அவருக்கும் கீழே இன்னோர் அடுக்கு உண்டு: அஞ்சடியில் (கடைக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில்) மேசை போட்டுச் சாவி வெட்டும் சீனக் கிழவர், சாயங்காலம் ஆப்பம் சுடும் அக்கா, மாடியில் ஒரு தையல்காரர். ஒருநாள் ஒரு பையன் டையெல்லாம் கட்டிக்கொண்டு வந்து, "அங்கிள், மொத்தம் எட்டு லாட் நிலம், எட்டு உரிமையாளரிடமும் பேசியாச்சு" என்றானாம். மாமா கையில் இருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம், "எட்டா? இந்த வரிசையில் காலையில் எத்தனை பேர் பிழைக்க வருகிறார்கள், தெரியுமா?" விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பையன் பாதியிலேயே போய்விட்டான்.

உங்கள் பக்கம் எப்படி?


பினாங்கிலிருந்து:

அண்ணே, உங்களுக்கு இப்போது வருவது எங்களுக்கு 2000-லேயே வந்துபோனது. அதுவும் ஒரு சுவரைக்கூட இடிக்காமல்.

1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 1966-இல் போட்டது. ஜார்ஜ்டவுன் உள்நகரம் பெரும்பாலும் அந்தக் காலத்துக் கட்டடம்தானே. லெபோ பாசாரை நாங்கள் கடைத்தெரு என்போம். அங்கே என் தாத்தா மிளகாய், மல்லி அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். மாடியில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், சமையல்காரர், ஒரு ஜோதிடர் என்று கூட்டம். வாடகை சொற்பம். வீட்டுக்காரர் ஒரு கூரை ஓடுகூட மாற்ற மாட்டார், சொற்ப வாடகைக்கு அவர் எதற்கு மாற்றுவார்? அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

1997-இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 பிறந்ததும் எங்களுக்கு வந்த புது வாடகையைத் தாத்தா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, தாளில் சைபர் கூடிவிட்டது என்றார். கூடவில்லை. அந்த வருடமே அத்தைகள் ஒரு பக்கம், நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் என்று பிரிந்தோம். மாடி ஆட்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், காலியான கடைவீடுகளில் சிலவற்றை மனிதர்களுக்கு விடவில்லை, சமையலுக்கு விற்கிற கூட்டுக்காகக் கூடு கட்டும் பறவைகளுக்கு விட்டார்கள். சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டுக் கூட்டுவார்கள். பக்கத்து வீட்டில் தூங்க முடியாது. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்த பிறகுதான் அந்தப் பறவை வீடுகளை அப்புறப்படுத்தினார்கள். பிறகு தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, நானே விருந்தாளிகளைக் கூட்டிப் போய்ப் படம் எடுக்கிறேன். தாத்தா இருந்த கடையில் ஒரு காப்பி விலை கேட்டேன், வெளியே வந்துவிட்டேன்.

பாதுகாக்கச் சட்டம் போட்டார்கள், ஆனால் சுவருக்கு, ஓட்டுக்கு, சன்னலுக்கு. உள்ளே இருந்த ஆளுக்கு இல்லை.


கோலாலம்பூரிலிருந்து:

நான் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது 2001-இல். லிட்டில் இந்தியாவை 2010 அக்டோபர் 27-இல் அப்போதைய பிரதமர்கள், இந்தியாவின் மன்மோகன் சிங்கும் நம் நஜிப்பும், திறந்தார்கள். வளைவு வந்தது, யானை நீரூற்று வந்தது, கார் நிறுத்தும் இடம் போனது. ஒருவழிச் சாலையானதும் வழக்கமாக வரும் குடும்பங்கள் குறைந்துவிட்டதாக என் முதலாளி இன்னும் புலம்புவார்.

ஆனால் யாரும் பேசாதது ஒன்று. இந்தப் பேட்டையில் பார்வையற்றோர் நிறையப் பேர், அவர்கள் நடத்தும் உடம்புப்பிடி (மசாஜ்) நிலையங்கள் வரிசையாக உண்டு. நடைபாதையைத் தோண்டி மூடி, மறுபடி தோண்டி என்று வேலை நடந்தபோது, காலால் மனப்பாடம் செய்திருந்த வழி அவர்களுக்குத் தொலைந்துபோனது. ஒருவரை நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறேன், அவர் எனக்கு வழி சொன்ன அதே தெருவில். அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான்.


கிள்ளானிலிருந்து:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், என் கதை வேறு. எங்கள் பழைய அடுக்குமாடியை இடித்துப் புதுசு வாங்கினோம், நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். மாமியாருக்கு மூட்டு வலி, நாலாம் மாடியிலிருந்து கோயிலுக்கே போகாமல் கிடந்தவர். இப்போது லிஃப்டில் இறங்கித் தானே போய்வருகிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றபடியால் வருடக்கணக்கில் இழுத்தது, அது உண்மை. கடைசியாகப் பிடிவாதம் பிடித்த ஒரு தாத்தாவை நாங்களே திட்டியிருக்கிறோம். ஆனால் அவர் பிடிவாதத்தால்தான் ஒப்பந்தம் ஒழுங்காக வந்தது. புது அடுக்குமாடி வாங்குகிறவருக்குச் சட்டத்தில் 36 மாதத்துக்குள் சாவி கொடுக்க வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு நாள் கணக்கில் இழப்பீடு, சாவி வாங்கியபின் 24 மாதம் பழுதுகளைச் சரிசெய்யும் பொறுப்பு என்று இருக்கிறதல்லவா? அதே மூன்றையும் எங்கள் ஒப்பந்தத்திலும் எழுத வைத்தார். இடையில் வெளியே தங்க வாடகைப் பணம், முதல் சில வருட மாதக் கட்டணத்துக்கு வரம்பு, இரண்டும் சேர்த்து. வக்கீல் செலவை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டோம். சாவி தாமதமாகத்தான் வந்தது, தாமதப் பணமும் வந்தது.

செமினி அண்ணே, உங்கள் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் மண்டபத்தில் கேட்டால் போதாது. தபாலில் கேட்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருந்தவர்கள்? உண்மையைச் சொன்னால், யோசிக்கவில்லை. வைப்புத் தொகையைத் திருப்பிக் கொடுத்தோம், போனார்கள்.


செமினியிலிருந்து, மறுபடி:

கிள்ளான் அக்கா, நன்றி. கடைசி வரியை இவ்வளவு நேராக எழுதியதற்கும் நன்றி. அந்தத் தாத்தா மாதிரி ஒருவர் எங்கள் கட்டடத்திலும் தேவை. ஆனால் 75 என்று வந்துவிட்டால் அவர் சொல் எடுபடுமா என்பதுதான் என் கவலை. எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்ற நிலையில் ஒரே ஒரு ஆள் பேரம் பேச முடிகிறது. விழுக்காடு இறங்க இறங்க அந்த ஆளைத் தாண்டிப் போய்விடலாம்.

மாமா கடை என்னவாயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எட்டு லாட்டும் கைமாறியது. மாமாவுக்கு ஒரு மாத நோட்டீஸ், அவ்வளவுதான். அடுத்த கதவில் துணிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு அப்படி நடக்கவில்லை. வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன். தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டு வரையிலான வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை, வாய்ப்பேச்சாகக்கூட இருக்கலாம். ஆனால் அப்படியே விட்டால், இடத்தைப் புதிதாக வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் பட்டாவில் குறிப்பாக ஏற்றிவிட்டால், இடம் கைமாறுவதற்கு முன்பே ஏற்றியிருந்தால், புது முதலாளியும் மிச்சக் காலத்துக்கு அதை மதித்தாக வேண்டும். அக்காவின் மருமகன் வக்கீல் அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்). அவர் சொல்லி ஏற்றிவைத்திருக்கிறார். ஆகவே அவரோடு மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். மிச்ச மாதங்களுக்குப் பணம் கொடுத்துத்தான் காலி செய்ய வைத்தார்கள்.

சாவிக் கிழவருக்கும் ஆப்பக்கார அக்காவுக்கும் இதுவும் உதவாது. அஞ்சடியில் நிற்பவருக்குப் பட்டா எங்கே இருக்கிறது? ஆப்பக்கார அக்கா இப்போது பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கடை போடுகிறார். மாமா கோயிலுக்கு எதிரே ஒரு கொட்டகை பிடித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வியாபாரம் பரவாயில்லை, மற்ற நாளில் ஈ ஓட்டுகிறார்.

அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு வரம்பு என்று பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறார், நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். பூச்சோங்கில் இருக்கும் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் போன் போட்டு, "அம்மாவை எதுக்குக் கிளப்பி விடுறீங்க?" என்றார்.