மறு: பசாஜியோவுக்கு "குரல் உடைவு" போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

குரற்பயிற்சிக் கையேட்டின் சொற்பட்டியலில் பசாஜியோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு நேரே "குரல் உடைவு" என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். பையன்களுக்கு மீசை அரும்பும் வயதில் நடப்பதைத்தான் ஊரில் குரல் உடைவது என்பார்கள். நாடகக்காரர்கள் அதை மகரக்கட்டு என்றார்கள். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பசாஜியோ ஒரு பிழையின் பெயரல்ல, இடத்தின் பெயர். கனத்த குரல் மெல்லிய குரலுக்குக் கைமாறும் சில சுர அகலம் அது. தேர்ந்தவர் அங்கே உடையாமல் போய்விடுவார். இடம் அப்போதும் அங்கேயேதான் இருக்கும்.

இத்தாலிய முறைக் கணக்கைப் பாரிடோன் என்னும் நடுத்தர ஆண்குரலுக்கு ஒரு கட்டை (C) சுருதியில் சொன்னால், அந்த இடம் மத்திய ஸ்தாயி காகலி நிஷாதத்தில் தொடங்கி மேல் அந்தர காந்தாரத்தில் முடிகிறது. டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரலுக்கு மேல் சதுஸ்ருதி ரிஷபம் முதல் மேல் பஞ்சமம் வரை.

என் முன்மொழிவு: குரற்கணு. மூங்கிலில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கணு.

- பாட்டுப் பயிற்சியாளர்

———

> என் முன்மொழிவு: குரற்கணு.

கணு வேண்டாமே. குரல்நாணில் விழும் தடிப்பை முடிச்சு என்றும் கணு என்றும் எழுதுகிறோம். "உனக்குக் கணு மேல் ரிஷபத்தில் இருக்கிறது" என்று ஆசிரியர் சொன்னால் மாணவர் நேரே மருத்துவரிடம் போய் நிற்பார்.

பிழையையும் இடத்தையும் பிரிப்பது சரிதான். கீழ்ச் சுரங்களில் நாணுக்குள்ளேயே ஓடும் தசை இறுகி, நாணைக் குட்டையாகவும் தடிப்பாகவும் வைத்திருக்கும். மேலே போகப்போக, குரல்வளையின் கேடயக் குருத்தெலும்புக்கும் மோதிரக் குருத்தெலும்புக்கும் நடுவிலுள்ள தசை நாணை இழுத்து மெலிதாக்கும். முதல் தசை படிப்படியாக விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசிவரை இறுக்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று விட்டால் சுரம் துள்ளிவிடும். அந்தத் துள்ளலுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. பிசிறு என்று கச்சேரி கேட்கிறவர்களே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இடத்துக்கு "மிடற்றுக்கடவு" எப்படி? மிடறு என்றால் தொண்டை; மிடற்றுப் பாடல் என்பது பழைய வழக்கு.

- பேச்சு, குரல் சிகிச்சையாளர்

———

மிடறு என்று போட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். தொண்டையில் நடப்பதோடு வாயறையின் ஒத்ததிர்வும் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை அது பலப்படுத்துவதும்) சேர்ந்ததுதான் இந்தக் கதை.

'ஆ' என்ற ஆகாரத்தின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் மேல் ஷட்ஜம் 262. அதன் இரண்டாம் இசைக்கூறு, அதாவது இரு மடங்கு அதிர்வெண், 523. 700-ஐத் தொட இன்னும் இடமிருக்கிறது. மேல் சுத்த மத்யமம் 349. இரண்டாம் கூறு 698. அதுவரை முட்டுக்கொடுத்த ஒத்ததிர்வு அந்தச் சுரத்தைத் தாண்டியதும் கைவிட்டுவிடும். அந்தப் பலத்தை விட மனமில்லாதவர் வாயை அகலத் திறந்து குரல்வளையை மேலே ஏற்றுவார். கேட்பவர் காதில் அது கத்தல். அங்கே ஆகாரத்தைச் சற்று ஓகாரத்தின் பக்கம் குவித்தால் கனம் தானாக இறங்கும். சாதகம் முழுவதையும் ஆகாரத்திலேயே செய்கிறவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

- ஒலிப்பொறியாளர்

———

வணக்கம். கடவு என்றால் இப்போது எவருக்கும் கடவுச்சொல்தான் நினைவுக்கு வரும். இலங்கையில் "கடவை" அன்றாடச் சொல்: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. கடக்கும் இடம் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. மாற்றம் தொடங்கும் இடம் முதற்கடவை, முடியும் இடம் இரண்டாங்கடவை என்று பிரிக்கவும் வரும். முழுப்பெயர் குரற்கடவை என்று இருக்கட்டும். வகுப்பில் கடவை போதும். பண்ணிசையில் குரல் என்பது ஷட்ஜத்தின் பெயராயிற்றே என்று யாராவது கேட்பார்கள். குரல்வளைக்கு வராத குழப்பம் இதற்கு மட்டும் வராது.

- யாழ்ப்பாணத்திலிருந்து

———

கடவைக்கு என் ஆதரவு. ஆனாலும் பயிற்சிக் குறிப்பில் வைத்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் ஏற்கக்கூடாது. எழுதிப் பார்த்தேன்:

"5 அல்லது 6 மில்லிமீட்டர் ஸ்ட்ராவின் நுனியை 2 சென்டிமீட்டர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். 'ஊ' என்று மத்திய ஷட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை ஒரே ஜாருவாக (இடைவிடாத வழுக்கலாக) ஏறுங்கள். கடவையில் குமிழி சீராக வர வேண்டும். குபுக்கென்று பொங்கினால் நாண் பிடி விட்டுவிட்டது. குமிழி நின்றால் தொண்டை இறுகிவிட்டது. அந்தச் சுரத்தைக் குறித்துக்கொண்டு இப்போது மேலிருந்து வாருங்கள். பஞ்சமத்தை மெல்லிய குரலில் எடுத்து, அந்த மெலிவோடேயே கடவைக்குக் கீழே இரண்டு சுரம் வரை இறங்கிய பிறகு கனம் சேருங்கள். கன்னம் உப்பினால் தவறில்லை. கழுத்து நரம்பு புடைத்தால் காற்றைக் குறையுங்கள். 5 நிமிடம் போதும்; கரகரப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்."

சொல் எங்கும் இடறவில்லை.

இடத்துக்குக் கடவை, பிழைக்குப் பிசிறு என்று இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பதற்குப் பெண்குரலே சாட்சி. ஐந்து கட்டையில் (G) சொப்ரானோ என்னும் உயர்ந்த பெண்குரலின் முதற்கடவை மத்திய சுத்த தைவதத்தை ஒட்டி வரும். அங்கே மாற்றாமல் கனத்தையே தூக்கிக்கொண்டு மேல் ஷட்ஜத்தைத் தாண்டினால் பிசிறு மேலேதான் வெடிக்கும். திருத்தத்தைத் தொடங்க வேண்டியது தைவதத்தில். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பட்டியலில் குரற்கடவை, பிசிறு இரண்டையும் ஏற்றுகிறேன். அடுத்த வரியில் ஃபால்செட்டோ என்னும் மிக மெல்லிய மேற்குரலுக்கு நேரே "கள்ளக்குரல்" என்று இருக்கிறது. மெல்லிய குரலெல்லாம் கள்ளக்குரல் ஆகிவிடாது. அதற்குத் தனி இழை தொடங்கலாமா?

- பாட்டுப் பயிற்சியாளர்